நிலையம் திறக்க மானியம் உண்டு, நடத்துவதற்கு?

ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் உண்டாக்கி ஓடும் எரிபொருள் செல் வாகனங்களுக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில அரசு கால் நூற்றாண்டாகக் கைகொடுத்துவருகிறது. இவ்வளவு செலவுக்குப் பிறகும் அந்தக் கார்கள் அங்கே அரிதாகவே தென்படுகின்றன என்றால், தொழில்நுட்பத்தின் மீது மட்டும் பழிபோட முடியாது. மானியம் எதற்குத் தரப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1999-இல் மாநிலக் காற்று வள வாரியம், எரிசக்தி ஆணையம், ஃபோர்டு, டெய்ம்லர்கிறைஸ்லர் கார் நிறுவனங்கள், எரிபொருள் செல் தயாரிக்கும் பல்லார்டு, ஷெல் உள்ளிட்ட எண்ணெய் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து கலிஃபோர்னியா எரிபொருள் செல் கூட்டமைப்பைத் தொடங்கின. கார் வராமல் ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் கட்ட யாரும் முன்வரமாட்டார்கள், நிலையம் இல்லாமல் கார் வாங்க யாரும் துணியமாட்டார்கள் என்ற முட்டுக்கட்டையை உடைக்க இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைத்தது அரசின் நல்ல முடிவு. 2004-இல் ஆளுநர் அர்னால்டு ஷ்வார்ஸ்னேகர் நெடுஞ்சாலைகளை ஒட்டி இத்தகைய நிலையங்களை அமைக்கும் ஹைட்ரஜன் நெடுஞ்சாலைத் திட்டத்துக்கு ஆணையிட்டார். (ஹைட்ரஜனில் ஓடும் ஹம்மர் காரோடு அவர் நின்ற படம்தான் பலருக்கு நினைவிருக்கும்.) 2013-இல் வந்த ஏபி 8 என்ற மாநிலச் சட்டம், குறைந்தது 100 பொது நிலையங்கள் அமையும்வரை ஆண்டுக்கு 2 கோடி டாலர் வரை ஒதுக்க வழிசெய்தது. வாங்குபவருக்கும் ஒரு கட்டத்தில் காருக்கு 5,000 டாலர் தள்ளுபடி கிடைத்தது.

அந்த 100 எட்டப்படவே இல்லை. அதைவிடப் பெரிய குறை, இருந்த நிலையங்களும் ஒழுங்காக இயங்காததுதான். காரின் தொட்டிக்குள் ஹைட்ரஜனை 700 பார், அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 700 மடங்கு அழுத்தத்தில் செலுத்த வேண்டும். வேகமாக நிரப்பும்போது சூடேறும் என்பதால் அதை முன்கூட்டியே மைனஸ் 40 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள். அடுத்தடுத்துச் சில கார்கள் நிரப்பினால், காற்றிலுள்ள ஈரம் உறைந்து குழாய்முனை காரோடு ஒட்டிக்கொள்ளும். பனி இளகி முனை கழன்று வரும்வரை ஓட்டுநர் காத்துக்கொண்டு நிற்பார். அழுத்தம் ஏற்றும் கம்ப்ரசர் பழுதானாலோ நிலையமே மூடிக்கிடக்கும். 2019 ஜூனில் சாண்டா கிளாராவில் ஒரு ஹைட்ரஜன் வளாகத்தில் வெடிவிபத்து நேர்ந்தபோது, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி முழுவதும் ஹைட்ரஜன் தட்டுப்பாடு ஏற்பட்டது.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2019 முதல், மாசு குறைந்த எரிபொருளைத் தருவோருக்கு விற்கத்தக்க வரவுப் புள்ளிகள் தரும் குறைந்த கார்பன் எரிபொருள் திட்டத்தின் கீழ், விற்காமல் மிஞ்சும் கொள்ளளவுக்கும் நிலையங்களுக்கு அந்தப் புள்ளிகளை வழங்கினார்கள். நிலையம் எவ்வளவு நேரம் இயங்கியது என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். சரியான ஏற்பாடுதான். ஆனால் அந்தப் புள்ளிகளைச் சந்தையில் விற்றுத்தான் காசாக்க வேண்டும் என்பதால், 2020-இல் 200 டாலரை ஒட்டியிருந்த புள்ளி ஒன்றின் விலை 2024-இல் பாதிக்கும் கீழே சரிந்தபோது ஏற்பாடும் ஆட்டம் கண்டது. அதே காலத்தில் பல நிலையங்களில் ஹைட்ரஜன் விலை கிலோ 36 டாலரைத் தொட்டது. டொயோட்டாவின் ஹைட்ரஜன் காரான மிராயின் 5.6 கிலோ தொட்டியை நிரப்பச் சுமார் 200 டாலர். 2024 பிப்ரவரியில் ஷெல் தன் ஏழு கார் நிலையங்களையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரே இப்படி விலகியது, தள்ளுபடியை நம்பிக் கார் வாங்கியவர்களை நடுத்தெருவில் நிறுத்தியது.

பேருந்துகளின் கதை வேறு. ஓக்லாந்தின் ஏசி டிரான்சிட், பாலைவனப் பகுதியின் சன்லைன் ஆகிய போக்குவரத்துக் கழகங்கள் பல ஆண்டுகளாக எரிபொருள் செல் பேருந்துகளை இயக்குகின்றன. வண்டி மாலையில் பணிமனைக்குத் திரும்பி அங்கேயே நிரப்பிக்கொள்கிறது. அழுத்தமும் 350 பார்தான். பழுது வந்தால் அது யார் பொறுப்பு என்ற கேள்விக்கே இடமில்லை, ஏனென்றால் வண்டியும் நிரப்பும் இடமும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. 2018-இல் வந்த விதிப்படி 2029 முதல் அங்கே வாங்கும் புதிய நகரப் பேருந்துகள் அனைத்தும் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்பதால், தேவை எவ்வளவு என்பதும் முன்கூட்டியே தெரிகிறது.

2023-இல் நிறைவேறிய ஏபி 126 சட்டம், தூய்மைப் போக்குவரத்து நிதியில் குறைந்தது 15 சதவீதத்தை ஹைட்ரஜன் நிரப்பு வசதிக்கு ஒதுக்குகிறது. அந்தப் பணத்தில் முதல் பங்கு பேருந்துப் பணிமனைகளுக்கும், அவற்றைப் போல ஓரிடத்துக்கே திரும்பும் துறைமுக லாரிகள் நிற்கும் இடங்களுக்கும் போக வேண்டும். அடுத்த பங்கு, ஏற்கெனவே கார் வாங்கிவிட்டவர்களுக்காக இருக்கும் நிலையங்களைப் பழுதுபார்த்து ஓடவைக்கப் போக வேண்டும். புதிய கார் நிலையங்களுக்கு, இருப்பவை ஓராண்டாவது தடையின்றி ஓடிக் காட்டும்வரை ஒரு டாலரும் தரக்கூடாது.