கிங்க்ஸின் சிறந்த ஆல்பம் எது? என் ஓட்டு 'ஆர்தரு'க்கு

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான கிங்க்ஸின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும்: அவர்களுடைய ஆல்பங்களில் சிறந்தது எது? பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில், 1968-இல் வந்த 'தி வில்லேஜ் கிரீன் பிரிசர்வேஷன் சொசைட்டி'. என் ஓட்டு அதற்கு அடுத்த வருடம் வந்த 'ஆர்தர்' ஆல்பத்துக்கு. இரண்டையும் பல வருடங்களாக மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயர் மட்டும் கேள்விப்பட்டவர்களுக்காகச் சுருக்கமாக: வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் பகுதியைச் சேர்ந்த அண்ணன் தம்பிகள் ரே டேவிஸ், டேவ் டேவிஸ். ஆறு அக்காக்களுக்குப் பிறகு பிறந்த இரண்டு பையன்கள். ரே எழுதிப் பாடுவார், டேவ் லீட் கிதார். பேஸ் கிதாருக்குப் பீட் குவைஃப், டிரம்ஸுக்கு மிக் ஏவரி. 1964-இல் 'யு ரியலி காட் மீ' பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை டேவ் பிளேடால் கீறிவிட்டு, அதில் கிளம்பிய கரகரப்பை வைத்தே அந்தப் பாட்டை வாசித்தார். அடுத்த வருடமே அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஏகப்பட்ட தகராறு. அங்கிருந்த இசைக் கலைஞர்கள் சங்கம் இவர்களுக்கு அனுமதி மறுத்துவிட்டது. 1969 வரை அமெரிக்க மேடையே கிடையாது. பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் அங்கே கொடிகட்டிப் பறந்த காலத்தில் இவர்கள் ஊரிலேயே கிடந்தார்கள். ரே தன் தெருவையும் தன் வீட்டு மனிதர்களையும் பற்றியே எழுத ஆரம்பித்ததற்கு அந்தத் தடை ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

(1965-இல் ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் தங்கியபோது, விடியற்காலையில் மீனவர்கள் பாடிக்கொண்டு போனதைக் கேட்டு ரே எழுதியதுதான் 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்'. பீட்டில்ஸ் சிதாரைக் கையில் எடுப்பதற்கு முன்பே வந்த பாட்டு அது. அதைப் பற்றி இன்னொரு நாள் தனியாக எழுத வேண்டும்.)

சரி, 'வில்லேஜ் கிரீன்' விஷயத்துக்கு வருகிறேன். அது சுமாரான ஆல்பம் என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போவது நான்தான். டைட்டில் பாட்டில் எதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று ரே அடுக்கிக்கொண்டே போகிறார்: ஸ்ட்ராபெரி ஜாம், சின்னச் சின்னக் கடைகள், டூடர் காலத்து வீடுகள், பீங்கான் கோப்பைகள், டொனால்ட் டக். பழைய நீராவி ரயில் ஒன்று தன் கதையைத் தானே பாடுகிற மாதிரி ஒரு பாட்டு இருக்கிறது. பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதான பாதைகளில் நீராவி இன்ஜின்களை நிறுத்தியதும் அதே 1968 ஆகஸ்டில்தான். அமெரிக்க புளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃபின் பழைய ரிஃப் ஒன்றை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கை, எடுத்து அந்த இன்ஜினின் மூச்சாகவே மாற்றியிருக்கிறார்கள்.

அந்த ஆல்பத்தின் உச்சம் என்று நான் நினைப்பது 'டூ யு ரிமெம்பர் வால்டர்'. பள்ளிக்கூட நண்பன் ஒருவன். இருவரும் சேர்ந்து உலகத்தோடு மோதுவோம், கப்பலேறிக் கடலுக்குப் போவோம் என்றெல்லாம் திட்டம் போட்டவர்கள். அவன் இப்போது உடம்பு பெருத்து, கல்யாணமாகி, ராத்திரி எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுகிறவனாக இருப்பான் என்று ரே நினைத்துப் பார்க்கிறார். நேரில் பார்த்தாலும் பேச ஒன்றும் இருக்காது. மனிதர்கள் மாறிவிடுகிறார்கள், அவர்களைப் பற்றிய நினைவு மட்டும் மாறாமல் இருக்கிறது என்று பாட்டு முடிகிறது. ரொம்ப அழகான பாட்டு. ஆனால் வால்டர் கடைசிவரை ரேயின் தலைக்குள்ளேதான் இருக்கிறான். அவனை நாம் பார்ப்பதே இல்லை. அவன் ஏன் அப்படி ஆனான் என்று யாரும் கேட்பதும் இல்லை.

வால்டர் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே போய் உட்கார்ந்து, அவன் கதையை முழுவதும் கேட்டிருந்தால் என்ன ஆல்பம் கிடைத்திருக்குமோ அதுதான் 'ஆர்தர்'.

'வில்லேஜ் கிரீன்' இவ்வளவு ஓட்டு வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் கதை பரிதாபமானது. 1968 செப்டம்பரில் 12 பாட்டுகளோடு தயாராக இருந்ததை ரே கடைசி நேரத்தில் நிறுத்தி, 15 பாட்டுகளாக்கி, நவம்பர் 22 அன்று வெளியிட்டார். அதே நாளில்தான் வெள்ளை அட்டை போட்ட பீட்டில்ஸின் இரட்டை ஆல்பமும் வந்தது. பிரிட்டிஷ் சார்ட்டில், அதாவது விற்பனைப் பட்டியலில், இது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சில மாதங்களில் பீட் குவைஃப் குழுவை விட்டே போய்விட்டார். இப்படிக் கைவிடப்பட்ட ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வதில் ரசிகனுக்கு ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் பட்ட கஷ்டத்துக்கு மார்க் போடுவதாக இருந்தால் 'ஆர்தர்' பட்டது அதைவிட அதிகம்.

கிரானடா டெலிவிஷன் ஒரு நாடகம் எடுப்பதாக ஏற்பாடு. நாவலாசிரியர் ஜூலியன் மிட்செலும் ரேயும் சேர்ந்து கதை எழுதினார்கள். 1969 கோடையில் பாட்டுகள் பதிவாகிவிட்டன. பீட் குவைஃபின் இடத்துக்கு ஜான் டால்டன் வந்துவிட்டார். நாடகம் தள்ளிப்போகத் தள்ளிப்போக, அதோடு சேர்ந்து வரவேண்டிய ஆல்பமும் காத்துக் கிடந்தது. கடைசியில் நாடகமே கைவிடப்பட்டது. இதற்கிடையில் மே மாதமே தி ஹூ என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழுவின் 'டாமி' வெளியாகி, பாட்டுகளாலேயே ஒரு கதை சொல்லும் 'ராக் ஆபரா' என்று உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அக்டோபரில் 'ஆர்தர்' வந்தபோது இரண்டாவதாக வந்தவனாக நிற்க வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் ஆல்பம் சார்ட்டில் இதற்கும் இடமில்லை. இப்படி நாடகம் இல்லாத நாடகப் பாட்டுகளாகக் கையில் வந்தும், தனியாகக் கேட்டாலே கதை முழுதாகப் புரிகிறது என்பது சாதாரண விஷயமில்லை.

கதை இதுதான். ஆர்தர் மோர்கன், கார்ப்பெட் போடும் தொழிலாளி. லண்டன் புறநகரில் ஒரு வீடு. வீட்டுக்கு 'ஷாங்ரிலா' என்று பெயர். மனைவி ரோஸ். அண்ணன் எட்டி முதல் உலகப் போரில் செத்துப் போனான். அந்த நினைவாக மூத்த மகனுக்கு எட்டி என்று பெயர் வைத்தார்கள். அவன் கொரியப் போரில் செத்தான். இன்னொரு மகன் டெரெக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் குடியேறக் கிளம்புகிறான்.

இது வெறும் கற்பனை இல்லை. ரேயின் மூத்த அக்கா பெயர் ரோஸ். அக்கா வீட்டுக்காரர் பெயர் ஆர்தர். 1964-இல் அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குக் குடிபெயர்ந்தது. பெரியவர்களுக்கு ஆளுக்கு 10 பவுண்டு கட்டணத்தில் பிரிட்டிஷ்காரர்களை ஆஸ்திரேலியா அழைத்துக்கொண்ட காலம் அது. ரோஸ் அக்கா போனது ரேயை உலுக்கிவிட்டது. 1966-இல் வந்த 'ஃபேஸ் டு ஃபேஸ்' ஆல்பத்தில் 'ரோஸி, வீட்டுக்கு வந்துவிடேன்' என்று கெஞ்சுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. அக்காவுக்கு ஒரு பாட்டு எழுதிய தம்பி, மூன்று வருடம் கழித்து அக்கா புருஷனுக்கு ஒரு ஆல்பமே எழுதினான்.

முதல் பாட்டு 'விக்டோரியா'. துள்ளிக்கொண்டு வரும் கிதார், காலைத் தட்டாமல் கேட்கவே முடியாது. ஏழைப் பையன் ஒருவன் தன் ராணியையும் நாட்டையும் நினைத்துப் பூரிக்கிறான். கனடாவிலிருந்து இந்தியா, சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங் என்று ராணி ஆண்ட இடங்களை வரிசையாகச் சொல்கிறான். அந்த இடத்தில் நமக்கு ஒரு நெருடல் வரத்தான் செய்யும். அந்த ராணியின் பெயரில் சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபமே நிற்கிறது. ஆனால் அந்தப் பையனைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த சாம்ராஜ்யத்தில் அவனுக்கென்று ஒரு அடி நிலம்கூட இல்லை. இருந்தும் இந்த மண்ணுக்காகச் சாகவும் தயார் என்கிறான்.

இரண்டாவது பாட்டில் பட்டாளம். மூச்சு விடவும் அனுமதி கேட்கிற சிப்பாய், மேலதிகாரியின் மிடுக்கு. மூன்றாவது பாட்டு 'சம் மதர்ஸ் சன்'. பதுங்குகுழியில் ஒரு சிப்பாய் தலையை நிமிர்த்திச் சூரியனைப் பார்க்கிறான். சின்ன வயதில் விளையாடிய விளையாட்டுகள் ஞாபகம் வருகின்றன. பக்கத்திலிருந்த நண்பன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அவன் திரும்புகிறான். அடுத்த நொடி உயிர் இல்லை. அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது ரே குரலை உயர்த்துவதே இல்லை. பின்னணியில் தேவாலயத்தில் பாடுகிற மாதிரி மெல்லிய ஒத்திசைக் குரல்கள். செத்தவன் பெயர் என்ன, எந்தப் பக்கத்துக்காரன், எந்தப் போர் என்று எதுவும் சொல்லப்படுவதில்லை. யாரோ ஒரு அம்மாவின் பையன். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருடத்தில், கோஷம் எதுவும் போடாமல் இப்படி எழுத ரேயால் முடிந்தது. சாகத் தயார் என்று முதல் பாட்டில் சொன்ன வாக்கு மூன்றாவது பாட்டிலேயே நிறைவேறிவிடுகிறது. பாட்டுகளை இப்படி வரிசைப்படுத்தியிருப்பதற்கு ஈடாக 'வில்லேஜ் கிரீனி'ல் ஒன்றும் இல்லை. அங்கே பாட்டுகளை இடம் மாற்றி வைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் தொடங்குவது 'ஷாங்ரிலா'வில். ரே டேவிஸ் எழுதியதிலேயே பெரிய பாட்டு இதுதான் என்பேன், அவருடைய புகழ்பெற்ற 'வாட்டர்லூ சன்செட்'டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அக்கூஸ்டிக் கிதாரில் தனித்தனித் தந்தியாக மீட்டிக்கொண்டு தொடங்குகிறது. உனக்கென்று ஒரு சொர்க்கம் கிடைத்துவிட்டது, செருப்பை மாட்டிக்கொண்டு கணப்பருகே உட்கார், இனி நீ ஏறுவதற்கு மேலே படி இல்லை என்று தாலாட்டுகிற குரல். பிறகு மெதுவாகப் பித்தளை வாத்தியங்கள் சேர்கின்றன. நடுவில் திடீரென்று வேகம் பிடித்து வேறொரு பாட்டாகவே மாறுகிறது. வீட்டுக்கடன் தலைக்கு மேல் தொங்குகிறது, காருக்குத் தவணை, டிவிக்கும் ரேடியோவுக்கும் வாரம் ஏழு ஷில்லிங், தண்ணீர் வரி, கேஸ் பில். எல்லா வீடுகளும் ஒரே மாதிரி இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்வார்கள், டீயைக் குடிப்பார்கள், போவார்கள்.

நடுத்தர வர்க்கத்து மனிதனை ஒரு பணக்கார ராக் ஸ்டார் கிண்டல் செய்கிறார் என்று இந்தப் பாட்டைக் குறை சொல்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு வரியைத் தவற விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கொல்லைப்புறத்துக் கழிப்பறை எல்லாம் போய்விட்டது என்று ஒரு வரி வருகிறது. கொட்டுகிற குளிரில் கொல்லைக்குப் போய் வந்த மனிதனுக்கு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை என்பது எவ்வளவு பெரிய விஷயம்! கூட்டமான வீட்டில் ஏழாவது பிள்ளையாக வளர்ந்த ரேவுக்கு அது தெரியும். ஆர்தருக்குக் கிடைத்தது நிஜமான வசதி. அதற்கு அவர் கொடுத்த விலையும் நிஜம். இரண்டையும் ஒரே பாட்டில் ஒன்றையொன்று மறைக்காமல் நிறுத்தியிருப்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, இதை வெளியிட்டபோது பிரிட்டனில் சார்ட்டுக்கே வரவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

எல்லாப் பாட்டும் இந்த உயரத்தில் இல்லை, அது உண்மை. 'நத்திங் டு சே' கொஞ்சம் தொய்வு. 'ஆஸ்திரேலியா' கிட்டத்தட்ட ஏழு நிமிடம், அதில் பின்பாதி முழுக்க வாத்திய வாசிப்பு. நீளம் என்று சொல்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். 'மிஸ்டர் சர்ச்சில் சேஸ்' பாட்டின் நடுவில் விமானத் தாக்குதல் சைரன் ஒலித்து இசை தடதடவென்று மாறும் இடம் மட்டும் அதன் குறையையெல்லாம் மறக்கடித்துவிடும்.

'சம்திங் எல்ஸ்' ஆல்பம்தான் சிறந்தது என்னும் கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 'வாட்டர்லூ சன்செட்' அதில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சிறந்த பாட்டு இருப்பதால் மட்டும் அது சிறந்த ஆல்பம் ஆகிவிடாது. 'லோலா' ஆல்பத்துக்கும் இதே பதில்தான். எழுபதுகளின் கடைசியில் அமெரிக்காவின் பெரிய அரங்குகளை நிரப்பிய கிங்க்ஸ் வேறு ஒரு குழு. அதை இந்தப் போட்டியில் சேர்ப்பதே எனக்குச் சம்மதமில்லை.

கடைசிப் பாட்டின் பெயரும் 'ஆர்தர்'தான். கைதட்டிக்கொண்டு எல்லோரும் சேர்ந்து பாடுகிற உற்சாகமான மெட்டு. உலகம் உன்னைத் தாண்டிப் போய்விட்டது ஆர்தர் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். அப்புறம், ஒருவேளை நீதான் சரியோ, உலகம்தான் தப்போ என்கிறார்கள். அதன் பிறகு உன்னை நேசிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். அந்த மனிதரின் வாழ்க்கையைப் பதினொரு பாட்டில் அலசிவிட்டு, எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் தோளில் கை போடுகிறார்கள். ஜாமையும் பீங்கான் கோப்பையையும் நேசிப்பது சுலபம், அவை திருப்பிப் பேசாது. ராணுவத்தையும் ராணியையும் நம்பி ஏமாந்த, பிள்ளைகளோடு பேச்சற்றுப் போன ஒரு மனிதரை நேசிப்பது அப்படி இல்லை. என் ஓட்டு ஏன் இதற்கு என்று யாராவது ஒரே வரியில் கேட்டால் இந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இதுவரை கேட்காதவர்கள் தயவுசெய்து ஷஃபிள் போடாதீர்கள். 'விக்டோரியா'வில் ஆரம்பித்து வரிசையாகக் கேளுங்கள். இப்போது கிடைக்கும் பதிப்புகளில் அதே காலத்து சிங்கிள்களையும் வேறு வடிவங்களையும் பின்னால் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 12-ஆவது பாட்டோடு நிறுத்திவிடுங்கள், மற்றவற்றை இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம். கேட்ட பிறகும் 'வில்லேஜ் கிரீன்'தான் என்று சொல்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், நிதானமாகப் படித்துப் பதில் சொல்கிறேன்.