முதுகுத் தண்டில் அடிபட்டால் அரசு வேலை போய்விடுமா?

"தண்டுவடத்தில் அடிபட்டு நடக்க முடியாமல் போன அரசு ஊழியரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், அதற்கு முன் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4)-இன்படி, பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்டவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாதா, அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். ஓட்டுநரால் இனி வண்டி ஓட்ட முடியாவிட்டால் டிப்போவில் மேசை வேலை தரலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை அவருக்கென்றே கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். அரசாணை மூலம் விலக்குப் பெற்ற சில பணிகள் உண்டு. தனியார் நிறுவனங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என்ன வேலை பார்ப்பது என்கிறார்களா? வேலூர் சிஎம்சி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அப்புறம் நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

ஆக, படுக்கையில் இருப்பவரிடம் யாராவது விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டினால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். மாற்றுப் பணி கேட்டு முதலில் எழுத்துமூலம் மனு கொடுங்கள்.