தாலி கட்டும் நேரத்தில் பின்னால் நகர முடியாது

ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் ஒன்று போதும், கேமராவோடு வரும் கிட் லென்ஸை விற்றுவிடுங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி சரி. 18-55 மி.மீ. கிட் ஜூம் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிதாகும்). 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். டியூப்லைட் வெளிச்சத்தில் குழந்தையைப் படமெடுக்க அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் கிராப் சென்சாரில், அதாவது சின்ன சென்சார் உள்ள கேமராவில், அது 75 மி.மீ. மாதிரி ஆகிவிடும்; படத்துக்குள் அடங்கும் காட்சி குறுகிவிடும். தங்கை கல்யாணத்தில் அதை மட்டும் மாட்டிக்கொண்டு மணவறை முன்னால் நின்றேன். பின்னால் நகர்ந்தால் வீடியோக்காரரின் லைட் ஸ்டாண்ட் முதுகில் இடிக்கிறது. படத்தில் மாப்பிள்ளையின் கையும் தாலியும் பளிச்சென்று இருக்கின்றன, தங்கை முகம் பாதிதான். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

முதலில் ஒரு மாதம் ஜூமிலேயே எடுங்கள். எந்த ஃபோகல் லெங்த்தில், அதாவது எந்த மி.மீ. அளவில், அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று படத்தின் விவரத்திலேயே பார்க்கலாம். அப்புறம் அந்த அளவில் பிரைம் வாங்குங்கள். எனக்கு 35 மி.மீ. பக்கம்தான் வந்தது.