பத்து நாளுக்கு முன்பே மரணத்தைச் சொல்லிவிடுமாம்

செயற்கை நுண்ணறிவு மருத்துவத்தைப் புரட்டிப்போடப் போகிறது என்று வாரம் ஒரு செய்தி வருகிறது. வரட்டும். ஆனால் "நோயாளி பிழைப்பாரா, மாட்டாரா என்று 90 சதவீதத் துல்லியத்துடன் கணிக்கும்" என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வூகான் நினைவுக்கு வந்து எரிச்சல் மூட்டுகிறது.

2020 மே மாதம். கொரோனாவைப் பற்றி டாக்டர்களே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்த நேரம். வூகான் டோங்ஜி மருத்துவமனை நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 'நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ்' இதழில் வந்தது. 375 பேரின் விவரங்களைக் கணினிக்குக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். எத்தனையோ பரிசோதனை முடிவுகளிலிருந்து கணினி பொறுக்கி எடுத்தது மூன்றே மூன்று: எல்.டி.எச். (செல்களுக்குள் இருக்கும் ஒரு நொதி), சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதம்), லிம்போசைட் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) சதவீதம். எல்.டி.எச். 365 அல்லது அதற்கு மேல் என்றால் மரணம். அதற்குக் கீழே இருந்து, சி.ஆர்.பி.யும் 41.2-க்குக் கீழே என்றால் பிழைப்பார். சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தாலும் லிம்போசைட் 14.7 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பிழைப்பார், இல்லையென்றால் மாட்டார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம், அவ்வளவு எளிமை. பத்து நாளுக்கு முன்பே முடிவைச் சொல்லிவிடும், துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல் என்றார்கள்.

இந்தக் கணக்கு விதியை மூடி மறைக்காமல் வெளியிட்டதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அதனால்தான் நெதர்லாந்திலும் பிரான்சிலும் நியூயார்க்கிலும் இருந்த மருத்துவர்கள் அதைத் தங்கள் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க முடிந்தது. மருத்துவமனையில் சேர்ந்த நாளின் ரத்தத்தைக் கொண்டு கணக்கிட்டபோது துல்லியம் சரிந்தது. "இறந்துவிடுவார்" என்று விதி சொன்ன பலர் குணமாகி வீடு திரும்பியிருந்தார்கள்.

எங்கே இடித்தது? வூகான் கணினி பெரிதும் பழகியது ஒவ்வொரு நோயாளியிடமும் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில். உடலின் செல்கள் சிதையும்போது கசிந்து வெளியேறுவதுதான் எல்.டி.எச். உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் கட்டத்தில் அது ஏறிக் கிடப்பதில் என்ன அதிசயம்? கடைசி ஓவரில் ஸ்கோர் போர்டைப் பார்த்து வெற்றியாளரைச் சொல்வதை யாரும் ஆரூடம் என்பதில்லை. போதாததற்கு அந்த 375 பேரில் 174 பேர் இறந்துபோனவர்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்த ஒரு கூட்டத்தில் பழகிய விதி, இறப்பு அதைவிடக் குறைவாக இருக்கும் மருத்துவமனைக்குப் போனால் எல்லோருக்கும் சாவோலை எழுதத்தான் செய்யும்.

ஆகவே துல்லியம் எத்தனை சதவீதம் என்பதல்ல என் முதல் கேள்வி. நோயின் எத்தனையாவது நாளில் எடுத்த ரத்தத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை.

அடுத்த சிக்கல் இதைவிட நுட்பமானது. கணினி பார்ப்பது நோயை மட்டுமல்ல, நாம் கொடுத்த சிகிச்சையையும் சேர்த்துத்தான். அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளின் தரவில் பழகிய ஒரு கணினி, ஆஸ்துமா இருந்தால் சாவு அபாயம் குறைவு என்று கற்றுக்கொண்டது. ஆஸ்துமாக்காரர்களை டாக்டர்கள் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனதால் அவர்கள் பிழைத்தார்கள். கணினிக்குத் தெரிந்தது முடிவு மட்டும். அதை நம்பி அவர்களைச் சாதாரண வார்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! கொரோனாவிலும் இதே கதைதான். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கிறது என்று 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வு காட்டிய பிறகு, அதே ரத்த அளவுகள் உள்ள நோயாளியின் தலைவிதி மாறிவிட்டது. பிறகு தடுப்பூசி வந்தது, வைரஸும் உருமாறியது. 2020 தொடக்கத்தில் பழகிய கணினிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

கணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொரோனா நோயாளியின் மரண அபாயத்தைக் கணிக்க பிரிட்டனில் உருவான '4சி' மதிப்பெண்ணைப் பாருங்கள். வயது, பாலினம், வேறு நோய்களின் எண்ணிக்கை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவுநிலை, யூரியா, சி.ஆர்.பி. என எட்டே விவரங்கள், எல்லாம் சேர்க்கையின்போதே கிடைப்பவை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் போதும். 35,000-க்கும் அதிகமானவர்களை வைத்து உருவாக்கி, வேறு 22,000-க்கும் அதிகமானவர்களிடம் சோதித்தார்கள். கணினி தானாகவே தரவிலிருந்து கற்கும் இயந்திரக் கற்றலையும் அதே தரவில் ஓட்டிப் பார்த்தார்கள். அது முந்தியது மயிரிழை அளவுதான். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் தொடர் ஆய்வு ஒரு கட்டத்தில் 232 கொரோனா கணிப்பு முறைகளைத் துருவிப் பார்த்து, இரண்டைத்தான் நம்பிக்கை தருபவை என்றது. அதில் ஒன்று இந்தக் கூட்டல் கணக்கு. (2021-இல் நுரையீரல் ஸ்கேனை வைத்து "சி.டி. ஸ்கோர் 25-க்கு எத்தனை?" என்று போனில் கேட்டுக்கொண்டிருந்த நமக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.)

இந்தத் தொழில்நுட்பத்தை எனக்காக ஒரு வேலைக்கு அனுப்பலாம் என்றால் டெங்குவுக்கு அனுப்புவேன். மழைக்காலம் வந்தால் நம் ஊரில் எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே பிடித்துத் தொங்குகிறோம். ஆனால் ஆபத்துக் கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும்போது தொடங்குகிறது. ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படுகிறது. காய்ச்சல் விட்டதே என்று வீட்டில் நிம்மதியடையும் நேரமும் அதுதான். அந்தக் கசிவு தொடங்கிய பிறகு கணினி வந்து எச்சரித்தால் யாருக்கு என்ன பயன்? இரண்டாம் நாளில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், காய்ச்சலும் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டுமாக நிற்கும் குழந்தைகளில் எவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அது சொல்லட்டும். முதலில் நம் மருத்துவமனைகளின் பழைய பதிவுகளில், சேர்ந்த நாளின் விவரங்களை மட்டும் கொடுத்து அதைச் சோதித்துப் பார்த்து, தவறவிட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்ற கணக்கையும் வெளியிடட்டும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, துல்லியத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.