63-ஆம் இடம் நீதிமன்றத்துக்கு இல்லை

'தொழில் செய்ய எளிதான நாடுகளில் இந்தியா 63-ஆம் இடம். ஒப்பந்த வழக்குகள் சீக்கிரம் முடிவதால்தான் அந்நிய முதலீடு வருகிறது' என்று ஒரு பதிவு சொல்கிறது. உலக வங்கியின் 2020 'தொழில் செய்யும் எளிமை' (Doing Business) அறிக்கைப்படி 63 சரிதான், ஆனால் அது ஒட்டுமொத்த இடம். அதே அறிக்கையில், ஒப்பந்தத்தை நீதிமன்றம் வழியே நிறைவேற்றுவதில் இந்தியா 190 நாடுகளில் 163-ஆவது. ஒரு வழக்குக்கு ஆகும் காலம்: 1,445 நாள். அதுவும் டெல்லி, மும்பையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு! (தரவு முறைகேடுகளால் 2021-இல் அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டார்கள், அது தனிக்கதை.) முன்னேற்றம் அதிகம் தெரிந்தது திவால் தீர்வு, கட்டட அனுமதி ஆகியவற்றில். சந்தேகமிருந்தால் உலக வங்கித் தளத்தில் 2020 அறிக்கையின் இந்தியப் பக்கத்தைத் திறந்து, மொத்த இடத்தை விட்டுவிட்டு 'ஒப்பந்த அமலாக்கம்' வரியை மட்டும் பாருங்கள்.