வண்டி நிற்கிற அந்த ஐந்து நிமிடம்

நேற்று தோழி ஒருத்தி போனில் பேசினாள். இரண்டு நாய்களையும் கூட்டிக்கொண்டு, தானே வண்டி ஓட்டி, மூன்று நாள் பயணம் கிளம்பப் போகிறாளாம். அதுவும் கோடை உச்சத்தில். "ஏசி நன்றாக வேலை செய்கிறது, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்கிறேன். வேறு என்ன வேண்டும்?" என்றாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நீ பாத்ரூம் போக இறங்கும்போது நாய்கள் எங்கே இருக்கும்?"

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கையில் இல்லாமல், கோடையில் தனி ஆளாக நாயைக் கூட்டிக்கொண்டு நெடுந்தூரம் கிளம்பக் கூடாது. இதுதான் என் கருத்து. கடுமையாகத் தோன்றலாம். பத்து வருடமாக என் நாய்களோடு சாலையில் போய்வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஓடுகிற வண்டியில் எனக்குப் பயம் அதிகம் இருந்ததில்லை. வண்டி நிற்கிறபோதுதான் பயம். இரண்டு பேர் போனால் ஒருவர் இறங்கலாம், இன்னொருவர் நாயோடு இருக்கலாம். தனியாகப் போகிறவருக்கு அந்த இன்னொருவர் கிடையாது. பாத்ரூம், சாப்பாடு, பெட்ரோலுக்குப் பணம் கட்டுவது, டயருக்குக் காற்று என்று ஒரு நாளில் எத்தனை முறை இறங்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

"ஐந்து நிமிடம்தானே, நிழலில் நிறுத்தி ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைத்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 2005-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பத்தை அளந்து பார்த்தார்கள். வெளியே வெறும் 22 டிகிரி இருந்த நாளில்கூட, ஒரு மணி நேரத்தில் உள்ளே கிட்டத்தட்ட 47 டிகிரிக்குப் போயிருக்கிறது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. 22 டிகிரி என்பது நமக்கு இதமான நாள். கோடையில் வெளியே 35, 38 இருக்கும்போது நிலைமை என்ன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நிழல் விஷயமும் அப்படித்தான். நீங்கள் இறங்கும்போது இருந்த நிழல், வரிசையில் நின்று திரும்பி வரும்போது அடுத்த வண்டியின் மேல் இருக்கும்.

நாயின் உடம்பு எப்படிக் குளிர்கிறது என்று தெரிந்தால் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். நமக்குத் தோல் முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வியர்ப்பதோடு சரி. மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பதுதான் அதற்கு முக்கியமான வழி. நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூடு இறங்குகிறது. உள்ளே இழுக்கிற காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் அந்த ஈரம் எங்கே ஆவியாகும்? மூடிய காருக்குள் நாய் விடுகிற மூச்சே காற்றை ஈரமாக்குகிறது. இரண்டு நாய் இருந்தால் கேட்கவே வேண்டாம். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3-லிருந்து 39.2 டிகிரிக்குள் இருக்கும். அது 41-ஐத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பிக்கும். சாதாரணத்துக்கும் ஆபத்துக்கும் நடுவே இரண்டே டிகிரிதான் இடைவெளி. பக், புல்டாக் மாதிரி முகம் தட்டையான நாய்கள், வயதானவை, குண்டானவை, இதயமோ மூச்சோ சரியில்லாதவை இன்னும் சீக்கிரம் விழுந்துவிடும்.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒரு படம். ஜன்னலோரம் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாயைப் போட்டோ எடுத்து, "பாருங்கள், எவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறான்" என்று போடுகிறார்கள். அந்த நாக்கைக் கிட்டே போய்ப் பாருங்கள். நிம்மதியாக இரைக்கிற நாயின் நாக்கு ஒல்லியாகத் தொங்கும். சூடு ஏறுகிற நாயின் நாக்கு நுனியில் அகன்று, தோசைக் கரண்டி மாதிரி விரிந்து, ஓரம் மேலே மடங்கும். வாயின் இரண்டு ஓரமும் காதுப் பக்கம் இழுத்துக்கொள்ளும். கண் சுருங்கும். தள்ளி நின்று பார்த்தால் அது சிரிப்பு மாதிரியே இருக்கும். எச்சில் கெட்டியாகி நூல் நூலாகத் தொங்கினால், ஈறு செக்கச்செவேல் என்று ஆனால், இனி போட்டோவுக்கு நேரம் இல்லை என்று அர்த்தம்.

சரி, எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுவிட்டு இறங்கினால்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், நான்கு வருடம் முன்பு ஒரு மதியம் வரைக்கும். என்னிடம் இருப்பது இரண்டு நாய்கள். மூத்தவள் மணி, இளையவன் கரியன். சாலையோரம் நிறுத்தி, எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, பின்னால் பத்தடி தள்ளியிருந்த குப்பைத்தொட்டியில் ஒரு பையைப் போட இறங்கினேன். கதவைச் சாத்தியதும் கரியன் பின் சீட்டிலிருந்து தாவி டிரைவர் சீட்டுக்கு வந்தான். கதவில் முன்னங்கால்களை வைத்து என்னைப் பார்த்தான். 'டக்' என்று ஒரு சத்தம். நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. அவன் கால் லாக் பட்டன் மேல் இருந்தது.

போன் உள்ளே, சீட்டின் மேல். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் வண்டி எவ்வளவு நேரம் ஓடும், வெயிலில் நின்றபடியே எஞ்சின் சூடாகி அணைந்துவிட்டால் என்ன செய்வது என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கரியன் வாலை ஆட்டிக்கொண்டே இருந்தான். அந்த வழியாக வந்த லாரி டிரைவர் ஒருவர் நிறுத்தி, டிக்கிப் பக்கம் இருந்த சின்னக் கண்ணாடியை ஸ்பானரால் உடைத்தார். அதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது. நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கை நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆனது. அவருக்குச் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

டெஸ்லா கார்களில் 2019-லிருந்து 'டாக் மோட்' என்று ஒன்று இருக்கிறது. வண்டியைப் பூட்டிவிட்டுப் போனாலும் ஏசி ஓடும், திரையில் உள் வெப்பம் தெரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அதுவும் ஒரு எந்திரம், பேட்டரியை நம்பி ஓடுவது. கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு நான் அதை நம்பிப் போக மாட்டேன். இன்று என் விதி: நாய் இருக்கும் வண்டியை விட்டு, சாவி என் கையில் இல்லாமல் ஒரு அடிகூட நகர்வதில்லை. நான் இறங்கினால் அவையும் இறங்கும். கதவைத் திறக்கும் முன்பே கயிற்றை மாட்டிவிடுவேன். பழக்கமில்லாத இடத்தில் ஒருமுறை நாய் கை நழுவி ஓடிவிட்டால், தேடவும் நீங்கள் ஒருவர்தான், வண்டியைப் பார்த்துக்கொள்ளவும் நீங்கள் ஒருவர்தான்.

அப்படியானால் பாத்ரூமுக்கு? பெரிய தனியறையாக இருக்கும் கழிப்பறையைப் பார்த்துத்தான் நிறுத்துவேன், இரண்டையும் உள்ளேயே கூட்டிப்போய்விடுவேன். சங்கடமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். சாப்பாடு கையோடு கொண்டுபோவது, நிழலில் நின்றபடியே முடிந்துவிடும். இரவு தங்குமிடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, "நாய் அறைக்குள் வரலாமா?" என்று வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்வேன். "வண்டியில் இருக்கட்டுமே" என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம்.

கிளம்புவது விடியும் முன். பத்து, பதினொரு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொள்வேன். வெயிலுக்குப் பயந்து ராத்திரி முழுக்க ஓட்டலாமே என்று தோன்றும். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை மனித உடம்பு தூக்கத்துக்கு ஏங்குகிற நேரம். பக்கத்தில் பேச்சுக் கொடுக்க ஆளில்லாத பயணத்தில் அது வெயிலுக்குக் குறைந்த ஆபத்து இல்லை. அதனால் முந்தின நாள் சீக்கிரம் தூங்கிவிட்டு நான்கரைக்கு எழுந்து போவதுதான் எனக்குச் சரிப்படுகிறது. இதனால் ஒரே நாளில் போகிற தூரம் இரண்டு நாளாகும். அந்த நேரம் இல்லாதவர்கள் நாயைக் கூட்டிப் போகக் கூடாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. முன்னால் நமக்குச் சில்லென்று இருப்பதால் பின்னாலும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறோம். ஒருமுறை சின்ன வெப்பமானி ஒன்றை நாய்க் கூண்டுக்குள், மணி தலை வைக்கிற உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். முன்னால் ஏசி திரையில் 23. கூண்டுக்குள் 31. பின் கண்ணாடி வழியாக வெயில் நேரே அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது, ஏசிக் காற்று சீட்டின் முதுகோடு நின்றுவிட்டது. இத்தனை வருடம் அவள் பின்னால் இரைத்ததை நான் உற்சாகம் என்று நினைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது. அப்புறம் கூண்டை முன் சீட்டுக்குப் பின்னாலேயே நகர்த்திவிட்டேன், பின் கண்ணாடிக்கு வெள்ளித்தாள் தடுப்பு போட்டேன். வெப்பமானி இன்னும் அங்கேயே தொங்குகிறது.

கூண்டோ, நாயின் உடம்பில் மாட்டி சீட்டோடு கட்டுகிற ஹார்னஸ் பட்டையோ கட்டாயம் வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், கட்டப்படாத நாய்க்கு அது பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

நிறுத்துகிற இடத்தில் "பாவம், இவ்வளவு நேரம் அடைந்து கிடந்தான்" என்று பந்தை எறிந்து ஓடவிடுகிறார்கள். பிரிட்டனில் ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் 2016-ஆம் ஆண்டு மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். வெப்பத்தால் நோயுற்று மருத்துவரிடம் வந்த நாய்களில் ஏழில் ஒன்று பிழைக்கவில்லை. அதைவிட என்னை உலுக்கியது அதே குழுவின் இன்னொரு ஆய்வு: நோயுற்றவற்றில் சுமார் நான்கில் மூன்று பங்கு ஓடியாடியதால், நடந்ததால் சூடேறியவை. அதனால் நிறுத்தத்தில் நிழல், தண்ணீர், ஒன்றுக்குப் போவது, அவ்வளவுதான். தார் மேல் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

இத்தனைக்கும் மீறி நாய் தள்ளாடினால், வாந்தி எடுத்தால், சரிந்தால், தனியாக இருக்கிற நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே மனதில் இருக்க வேண்டும். முதலில் குளிரவையுங்கள், பிறகு ஓட்டுங்கள். குடிநீர் தவிர, ஊற்றுவதற்கென்றே பத்து லிட்டர் கேன் ஒன்று என் வண்டியில் எப்போதும் இருக்கும். உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி, ஏசிக் காற்றோ விசிறிக் காற்றோ படும்படி வைக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அதிர்ச்சியில் செத்துவிடும் என்பது பழைய பேச்சு. இப்போது மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஈரத் துண்டைப் போர்த்தி வைப்பதுதான் தப்பு, சூடு உள்ளேயே தங்கிவிடும். மயங்கிக் கிடக்கிற நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். வழியில் எந்த ஊரில் மருத்துவமனை, மதியம் திறந்திருக்குமா என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிவைப்பது அதற்காகத்தான்.

"வீட்டில் விட்டுப் போனால் அது ஏங்கிப் போய்விடுமே" என்று தோழி கேட்டாள். ஏங்கும்தான். ஒரு வாரம் ஏங்கட்டும், திரும்பி வரும்போது வாலை ஆட்ட உயிரோடு இருக்கும். மணிக்கு இப்போது பன்னிரண்டு வயது. இந்தக் கோடையில் அவளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறேன். கரியன் மட்டும் வருகிறான்.

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். எனக்கே ஏதாவது ஆகி யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போகும்படி ஆனால், அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியது: "பின்னால் நாய் இருக்கிறது. வண்டியில் விட்டுவிடாதீர்கள். இந்த எண்ணுக்கு அழையுங்கள்." கீழே அக்காவின் எண். தோழி அந்த வாசகத்தைப் போனிலேயே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். பயணத் தேதியை இரண்டு மாதம் தள்ளி வைத்துவிட்டதாக இன்று காலை மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்.