கட்டடத்தைக் காப்பாற்றியவர்கள் ஆளை ஏன் மறைக்கிறார்கள்?

ஜப்பானின் ஹஷிமா தீவைக் காட்டும் அந்தப் 'பேய்த் தீவு' வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். முழுவதும் பார்த்துவிட்டேன். அதற்குக் கீழே நான் கேட்ட கேள்வியையும், வந்த பதில்களையும், பிறகு என் கேள்வியே காணாமல் போனதையும் உங்களில் பலர் பார்த்தீர்கள். "போற இடத்துல எல்லாம் ஒப்பாரி வைக்கணுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்டது ஒன்றுதான். அந்தத் தீவின் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் யார்?

ஹஷிமா தீவைப் பாதுகாக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. நாகசாகிக்குப் பக்கத்தில், 480 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம். 1890இல் மிட்சுபிஷி அதை வாங்கி, கடலுக்கு அடியில் இருந்த நிலக்கரியை வெட்டி எடுத்தது. 1916இலேயே கான்கிரீட்டில் ஏழு மாடிக் குடியிருப்பு கட்டினார்கள். 1959இல் அந்தத் தீவில் 5,259 பேர் வாழ்ந்தார்கள். 1974இல் சுரங்கத்தை மூடியதும் சில மாதங்களில் ஊரே காலியானது. வீடியோவில் இதையெல்லாம் சரியாகவே சொன்னார்கள், படமும் அழகாக எடுத்திருந்தார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் அவர்கள் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவந்து அதே சுரங்கத்தில் இறக்கினார்களே, அதற்கு ஒரு வரிகூட இல்லை. பூமிக்கு அடியில் பல நூறு மீட்டர் ஆழத்தில், முப்பது டிகிரி வெப்பத்தில், வேர்வை காயாத ஈரக்காற்றில் படுத்தும் குனிந்தும் கரி வெட்டியவர்கள் அவர்கள். ட்ரோனில் இருந்து பார்த்தால் அவர்கள் தெரியமாட்டார்கள். ஆகவே யாராவது சொல்லத்தான் வேண்டும்.

"யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்தத் தீவு இருப்பது, ஜப்பான் நவீனமான மெய்ஜி காலத்துப் பெருமைக்காக, 1910 வரைதான் கணக்கு, போர்க்காலக் கதை எதற்கு?" என்று ஒருவர் விவரமாக எழுதியிருந்தார். சரி, அந்தக் கணக்குக்கே வருவோம். 2015இல் ஒரே தொகுப்பாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜப்பானின் 23 இடங்களில் ஹஷிமாவும் ஒன்று. 1850களில் இருந்து 1910 வரை கனரகத் தொழிலில் ஜப்பான் முன்னேறிய கதை அது. அப்படியானால் நீங்கள் வாய் பிளந்து பார்த்த அந்த ஏழு மாடிக் கட்டடமும் 1910க்குப் பிறகு கட்டியதுதானே? பட்டியல்படி மதிப்பு கடல் மதிலுக்கும் சுரங்கத்தின் மிச்சங்களுக்கும்தான். கட்டடத்துக்கு மட்டும் 1916 வரை, 1959 வரை, 1974 வரை கதை நீளலாம்; கொரியன் பெயர் வந்தால் உடனே 1910இல் கதவைச் சாத்திவிட வேண்டுமா?

அந்த 1910க்குள்ளேயே நின்று பேசினாலும் தப்பிக்க முடியாது. பட்டியலில் மீகே நிலக்கரிச் சுரங்கமும் இருக்கிறது. அங்கே சிறைக் கைதிகளைக் கொண்டுவந்து கரி வெட்ட வைத்தார்கள். 1870களில் தொடங்கிய அந்த வழக்கம் 1930 வாக்கில்தான் நின்றது. சுரங்கம் முதலில் அரசாங்கத்திடம் இருந்தது, பிறகு மிட்சுயி நிறுவனத்தின் கைக்குப் போனது. கைதி மட்டும் மாறவில்லை. அந்தக் கைதிகளை அடைத்த சிறையின் மதில் இன்றும் ஒமுதா நகரில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றி நிற்கிறது. அந்தக் கைதிகள் ஜப்பானியர்கள். தன் நாட்டு ஏழையையே இப்படி நடத்தி வளர்ந்த தொழில் அது. ஆகவே என் கேள்வி ஜப்பானியர்களுக்கு எதிரானது இல்லை. அந்தக் கைதிகளுக்காகவும்தான் கேட்கிறேன்.

"அதுதான் ஒப்புக்கொண்டுவிட்டார்களே" என்பது அடுத்தது. ஆமாம், 2015இல் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த யுனெஸ்கோ குழுக் கூட்டத்தில் ஜப்பான் தூதர் ஒப்புக்கொண்டார்: கொரியர்களும் மற்றவர்களும் பெரும் எண்ணிக்கையில் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டு, கடுமையான சூழலில் வேலை செய்ய வைக்கப்பட்டார்கள் என்று. அவர்களை நினைவுகூர ஒரு தகவல் மையம் வைப்பதாகவும் சொன்னார்கள். அந்த மையம் 2020இல் திறந்தது. எங்கே? டோக்கியோவில். சுரங்கம் இருப்பது நாட்டின் இன்னொரு கோடியில். உள்ளே போனால், தீவில் பாகுபாடே இல்லை என்று முன்னாள் தீவுவாசிகள் சொன்ன சாட்சியம் இருந்தது. சொன்ன சொல்லை முழுதாகக் காப்பாற்றவில்லை என்று 2021இல் யுனெஸ்கோ குழுவே கடுமையாக வருத்தம் தெரிவித்தது. 2025இல் இதைப் பற்றி மறுபடி பேச வேண்டும் என்று தென் கொரியா கேட்டபோது அது வாக்கெடுப்பில் தோற்றது. ஒப்புக்கொண்ட பிறகு நடந்தது இவ்வளவுதான்.

ஜெர்மனியைப் பாருங்கள். போல்க்லிங்கன் இரும்பு ஆலையும் உலகப் பாரம்பரியச் சின்னம்தான். அங்கே வேலை வாங்கப்பட்ட கட்டாயத் தொழிலாளர்களுக்கு அந்த ஆலைக்குள்ளேயே நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். அதனால் ஆலைக்கு வருகிறவர்கள் வராமல் போய்விட்டார்களா?

"உனக்கு என்ன வந்தது, நீ கொரியாக்காரனா?" இதைக் கேட்டவர் என் ஊர்க்காரர், மலேசியத் தமிழர். அதுதான் அதிகமாக வலித்தது.

என் தாத்தாவின் அண்ணனை, போரில் மலாயாவைப் பிடித்து ஆண்ட ஜப்பான்காரன் காலத்தில், பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, பர்மா வரை ரயில் பாதை போடக் கூட்டிப்போனார்கள். நல்ல சம்பளம், கொஞ்ச மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்களாம். அவர் திரும்பவில்லை. எங்கே விழுந்தார், யார் புதைத்தார்கள், எதுவும் தெரியாது. ஜப்பான்காரன் வெளியிட்ட, வாழைமரம் அச்சடித்த நோட்டுகள் கொஞ்சம் வீட்டில் இருந்ததாகவும், போர் முடிந்ததும் அது வெறும் காகிதமானதாகவும் அப்பாயி சொல்வார். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் எத்தனையோ பேர் நம் தோட்டத்துத் தமிழர்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அதே பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குப் பெயர் வெட்டிய கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. இருக்கட்டும், அவர்களும் துன்பப்பட்டவர்கள்தான். நம் ஆளுக்கு எங்கே?

அந்தப் பாதைத் திறப்பின்போது ஓடிய சி56 ரக நீராவி எஞ்சின் ஒன்று இன்று டோக்கியோவில், போரில் இறந்த ஜப்பானியர்களை வணங்கும் யாசுகுனி கோயிலை ஒட்டிய அருங்காட்சியக வாசலில் நிற்கிறது. 1979இல் அதை ஜப்பானுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நான் அதன் முன்னால் நின்றிருக்கிறேன். கறுப்புச் சாயம் பளபளவென்று இருந்தது. ஓர் எஞ்சினைத் தேடிப் பிடித்து, கடல் கடந்து கொண்டுவந்து, துடைத்து வைத்திருக்கிறார்கள். அது ஓடிய தண்டவாளத்துக்குக் கட்டை சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடைக்குமா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் எஞ்சினோடு படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம், "ஜப்பான்காரனிடம் ஒழுக்கத்தைக் கற்றுக்கொள், பழசைக் கிளறாதே" என்று இன்பாக்ஸில் எழுதுகிறவர்களுக்கு: பழசைக் கிளறி டிக்கெட் போட்டு விற்பது நான் இல்லை. ஐம்பது ஆண்டுகளாக யாரும் குடியிருக்காத தீவுக்குப் படகு விடுகிறார்கள். பழசு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் முழுப் பழசும் வரட்டும். பாதியை மட்டும் வைத்துக்கொள்ள அது யாருடைய தனிச் சொத்தும் இல்லை, உலகத்துக்கே சொந்தம் என்று எழுதிக் கொடுத்துத்தான் பட்டியலில் ஏற்றினார்கள்.

அக்கா மகள் அடுத்த வருடம் படிக்க டோக்கியோ போகிறாள். அந்த எஞ்சினைப் போய்ப் பார், பலகையை நிதானமாகப் படி, பாதை போட்டவர்கள் யார் என்று அங்கே இருப்பவர்களிடம் மரியாதையாகக் கேள் என்று சொல்லியிருக்கிறேன். பெரிய தாத்தாவின் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.